‘ஓவர்’ என்னும் சிறுசொல்

தயிர் உறைகிறது, அமிலம் சேர்த்த ரப்பர் பாலும் உறைகிறது. குளிரில் நீர் உறைவதை ஆங்கிலத்தில் ‘ஃபிரீஸ்’ என்பர். அதனோடு சிறுசொல் ஒன்று சேர்ந்தால் பொருள் வேறுபடும்.

காசுமீரத்துத் தால் ஏரியின் மேற்பரப்பு கடுங்குளிரில் பனிக்கட்டியால் மூடப்படுவதுண்டு. இது ‘ஃபிரீஸ் ஓவர்’. ‘ஐஸ் ஓவர்’ என்றும் கூறலாம். உதகமண்டலத்தில் சனவரி விடியலில் வண்டிக் கண்ணாடிமீது உறைபனி வெண்மையாகப் படர்வது ‘ஃபிராஸ்ட் ஓவர்’. குழாய்நீர் உறைந்து அடைத்துக்கொள்வது ‘ஃபிரீஸ் அப்’.

இங்கே ‘ஓவர்’ என்பது மேற்பரப்பை மூடுதலையே குறிக்கும். ஏரிநீர் 4 பாகை செல்சியஸில் அடர்த்தி மிகுந்து அடியில் தங்கும். அதனினும் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே நின்று, 0 பாகையில் உறையும். பனிக்கட்டியின் கீழே மீன்கள் உயிர்வாழும். ஆதலின், ஏரி ‘ஃபுரோஸ் ஓவர்’ என்று படித்தவுடன் அடிவரை இறுகிவிட்டதெனக் கொள்ளலாகாது. மெல்லிய பனிப்பாளத்தின்மேல் நடப்பவர் நீரில் மூழ்க நேரிடும்.

ஜொகூரில் ஏரிகள் உறைவதில்லை. ஆயினும், நம் தோட்டத்துப் பிள்ளைகள் நாளை குளிர்நாடுகளுக்குக் கற்கச் செல்லக்கூடும். பெற்றோரே! மனனம் மட்டும் போதாது. சிறுசொல்லையும் பொருளுணர்ந்து கற்கப் பிள்ளைகளைப் பழக்குவோமாக.