சாஃப்ட்பால் தனிப் பயிற்சி: கையைக் கடிக்காமல் இருக்க

அமெரிக்காவில் மகளை சாஃப்ட்பாலில் சேர்த்துவிட்ட வீடுகளில் முதல் வருடம் செலவு பெரிதாகத் தெரியாது. ஊர் லீகில் சீசனுக்கு ஒரு தொகை கட்டினால் சட்டையும் தொப்பியும் அதிலேயே வந்துவிடும். அடுத்த வருடம், “நல்லா வீசுறா, தனியா ஒரு பிட்ச்சிங் கோச்சிடம் அனுப்புங்களேன்” என்று பக்கத்து நாற்காலி அம்மா ஒருவர் சொல்வார். செலவு அங்கேதான் தொடங்குகிறது. அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுப்புவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

1. வருடக் கணக்குப் போடுங்கள். அரை மணி நேரத் தனிப் பயிற்சிக்குப் பெரும்பாலும் 30 முதல் 60 டாலர் வரை கேட்கிறார்கள். ஒரு மணி என்றால் 50 முதல் 100 வரை. கல்லூரி அணியில் பெயர் வாங்கியவர் என்றால் அதற்கும் மேலே போகும். “நாற்பது டாலர்தானே” என்று தோன்றும். வாரம் ஒரு முறை, வருடத்தில் 40 வாரம் என்றால் 1,600 டாலர். உள்ளரங்கப் பயிற்சிக் கூண்டின் வாடகை அந்தத் தொகையில் சேர்ந்ததா, தனியா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் தனி.

2. எல்லாவற்றுக்கும் தனிப் பயிற்சி தேவையில்லை. தரையில் உருண்டு வரும் பந்தை எடுப்பது, பேஸ் ஓடுவது எல்லாம் அணிப் பயிற்சியிலேயே படிந்துவிடும். பேட்டிங்கை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கற்கலாம். பந்து வீசுவது மட்டும் வேறு. கையை முழு வட்டமாகச் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்து விடும் அந்த வீச்சை, லீகில் தொண்டாக கோச் வேலை பார்க்கும் அப்பா அம்மாக்களில் பலருக்குச் சொல்லித்தரத் தெரியாது. காசு கொடுக்க வேண்டிய இடம் அதுதான். எட்டு வயதுப் பிரிவில் பல லீகுகளில் கோச்சோ இயந்திரமோதான் பந்து போடும். அந்த வயதில் பிட்ச்சிங் வகுப்பு வீண்.

3. வாரம் விட்டு வாரம் போதும். முதல் குறிப்பின் 1,600 இதனால் 800 ஆகிவிடும். வகுப்புக்குப் போய் வந்து வீட்டில் பந்தைத் தொடாத பிள்ளை, சாதகம் செய்யாமல் பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளையைப் போலத்தான்: கோச் போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் சொல்லிவிட்டு முழுக் கட்டணத்தை வாங்கிக்கொள்வார். வகுப்பு முடிந்ததும், “அடுத்த முறை வரும்வரை இவள் செய்ய வேண்டிய ஒரே விஷயம் என்ன?” என்று கேளுங்கள். ஐந்தாறு சொன்னால் ஒன்றை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அதை ஸ்லோமோஷனில் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்குப் பெரிய வசதி வேண்டாம். மணிக்கட்டைச் சுண்டிப் பழக, சுருட்டிக் கட்டிய ஒரு ஜோடி சாக்ஸை வரவேற்பறைச் சுவரில் வீசலாம், எதுவும் உடையாது. வெளியே என்றால் அளவு நாடாவை எடுத்து டிரைவ்வேயில் சாக்பீஸால் கோடு போடுங்கள். வீசும் இடத்திலிருந்து ஹோம் பிளேட் வரை பத்து வயதுப் பிரிவுக்கு 35 அடி, பன்னிரண்டுக்கு 40, அதற்கு மேல் 43. பந்தும் மாறும்: பத்து வயதுப் பிரிவு வரை 11 அங்குலச் சுற்றளவு, பிறகு 12. குறைந்த தூரத்தில் வீசிப் பழகிவிட்டு ஆட்டத்தன்று பந்து பிளேட்டுக்கு முன்னாலேயே விழுகிறதே என்று அழுவதில் அர்த்தமில்லை.

பிடிப்பதற்கு ஆள் வேண்டுமே? பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மேலே மெத்தென்று எதையாவது வைத்து, அப்பாவை உட்கார வையுங்கள். ‘பக்கெட் டேட்’ என்று இங்கே அதற்குப் பெயரே இருக்கிறது. முகக்கவசமும் முழங்கால் கவசமும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளை வீசும் பந்துகூட முழங்காலில் பட்டால் இரண்டு நாள் நொண்ட வைக்கும்.

4. கோச் எந்த முறையில் சொல்லித்தருகிறார் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். பந்தை விட்டதும் முழங்கையை முகத்துக்கு நேரே தூக்கி முடிக்கச் சொல்வது பழைய முறை. ‘ஹலோ எல்போ’ என்பார்கள். முன்கை இடுப்பை உரசிக்கொண்டு போக, கை தானாக உள்பக்கம் திரும்பி முடியட்டும் என்பது ‘இன்டர்னல் ரொட்டேஷன்’ தரப்பு. முன்னணி வீராங்கனைகளின் ஸ்லோமோஷன் காட்சிகளைக் காட்டித்தான் இவர்கள் வாதாடுகிறார்கள். என் ஓட்டு இவர்களுக்கே. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, ஆறு மாதம் ஒருவரிடம், அடுத்த ஆறு மாதம் எதிர்முகாமில் இன்னொருவரிடம் என்று மாற்றினால், முதலில் கட்டியதை அழிப்பதற்கும் சேர்த்துக் கட்டணம் கொடுப்பீர்கள். தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய பழைய மாணவிகள் ஆடும் ஓர் ஆட்டத்தைப் போய்ப் பாருங்கள். அதற்குச் செலவில்லை.

5. ஒரே அணியில் இன்னொரு பிட்ச்சர் இருந்தால் ஒரு மணி நேரத்தைப் பங்கு போட முடியுமா என்று கேளுங்கள். பல கோச்சுகள் ஒத்துக்கொள்வார்கள். ஒருத்தி வீசும்போது மற்றவள் மூச்சு வாங்குவாள். அரை மணி முழுக்க ஒரே பிள்ளையை வீச வைப்பதைவிட இது தோளுக்கும் நல்லது.

6. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பள்ளி விட்ட பின் மாலை நேரத்துக்குத்தான் போட்டி அதிகம். கோடை விடுமுறையில் பகல் நேரம் காலியாக இருக்கும். அப்போது விலை பேசிப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். பக்கத்துக் கல்லூரி அணியும் உயர்நிலைப் பள்ளி அணியும் நிதி திரட்ட நடத்தும் ஒரு நாள் கிளினிக்குகள் பல சமயம் மலிவு. நகராட்சிப் பொழுதுபோக்குத் துறையின் பட்டியலையும் ஒரு கண் பார்த்து வையுங்கள்.

7. பத்து வகுப்பு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். மூன்று வகுப்பு பார்த்த பிறகு கட்டுங்கள். எத்தனை மாதத்தில் காலாவதியாகும், எத்தனை மணி நேரம் முன்னால் சொன்னால் ரத்து செய்யலாம், கோச் வராவிட்டால் என்ன என்பதை எழுத்தில், குறைந்தது ஒரு மெசேஜிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஸெல்’ (Zelle) பணப் பரிமாற்றத்தில் அனுப்பிய பணத்தைத் திரும்ப இழுக்க முடியாது.

8. வரிச் சலுகை ஒன்று உண்டு, பலர் தவறவிடுகிறார்கள். பிள்ளைக்கு 13 வயது ஆகவில்லை, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால், கோடையில் பகல் நேர முகாமுக்குக் கட்டும் பணத்தைக் குழந்தைப் பராமரிப்புச் செலவாகக் காட்டலாம். அது விளையாட்டு முகாமாக இருந்தாலும் சரி. இரவு தங்கும் முகாமுக்கு இது கிடையாது. ரசீதையும் முகாம் நடத்துபவரின் வரி எண்ணையும் வாங்கி வையுங்கள்.

9. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். விளையாட்டில் பிள்ளைகளைத் துன்புறுத்தலிலிருந்து காப்பது பற்றிய ‘சேஃப்ஸ்போர்ட்’ பயிற்சியைக் கோச் முடித்தவரா, பின்னணிச் சோதனை ஆனவரா என்று கேளுங்கள். நடவடிக்கைக்கு உள்ளானவர்களின் பட்டியலை சேஃப்ஸ்போர்ட் மையம் பொதுவில் வைத்திருக்கிறது. பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். தனிப் பயிற்சியும் பிறர் கண்ணில் படும் இடத்தில்தான் நடக்க வேண்டும். “பெற்றோர் வெளியே இருங்கள்” என்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

10. கோச் கைகாட்டும் 400 டாலர் பேட்டை வளரும் பிள்ளைக்கு வாங்காதீர்கள். ‘பிளே இட் அகெய்ன் ஸ்போர்ட்ஸ்’ போன்ற பழைய பொருள் கடைகளில் நல்ல பேட் கிடைக்கும். உங்கள் லீக் கேட்கும் முத்திரை பேட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எடுங்கள்.

11. “கல்லூரி ஸ்காலர்ஷிப்பில் போட்ட காசை எடுத்துவிடலாம்” என்ற பேச்சை நம்பிக் கடன் அட்டையைத் தேய்க்க வேண்டாம். கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான டிவிஷன் ஒன்னில் பல வருடங்களாக அணி ஒன்றுக்கு மொத்தம் 12 ஸ்காலர்ஷிப்தான் இருந்தது. அதையும் அணி முழுக்கப் பிரித்துக் கொடுத்தார்கள். அண்மையில் விதி மாறி உச்சவரம்பு தளர்ந்திருக்கிறது, போட்டி தளரவில்லை. டிவிஷன் த்ரீயில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. டிவிஷன் ஒன் கோச்சுகள், பிள்ளை பதினோராம் வகுப்புக்குப் போகும் வருடம் செப்டம்பர் 1 வரை அணியில் சேர்ப்பது பற்றி அவளிடம் பேசவே கூடாது. பத்து வயதில் ஒருவர் இந்த ஆசையைக் காட்டினால் அவர் விற்பனையாளர்.

12. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் பந்தையே எடுக்காமல் இருக்கட்டும். நீச்சலோ கூடைப்பந்தோ எதுவானாலும் சரி. அந்த மாதங்களின் கட்டணம் மிச்சம். இந்த ஓய்வைத்தான் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். கீழிருந்து வீசுவதால் தோளுக்குக் கெடுதல் இல்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பிட்ச்சர் பெண்களுக்குத் தோளின் முன்பக்க வலி சகஜம். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், கட்டிய பணம் போனாலும் போகட்டும், அன்றைய வகுப்பை ரத்து செய்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.