புதிய செவ்வந்தி ஒன்றை உண்டாக்க விரும்பும் மருமகளுக்கு

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் பூத்தோட்ட வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களுக்குள்ளாகவே, பிறர் உண்டாக்கிய ஜாதிகளை நட்டுப் பறித்துக் கட்டி அனுப்புவதோடு நின்றுவிடாமல், பசுமைக்குடிலில் வளரத் தக்க புதிய செவ்வந்தி ஒன்றை நாமே உண்டாக்க முடியாதா என்ற ஆசை உனக்குத் தோன்றியிருப்பதையும், அதற்கு முறை என்ன என்று நீ கேட்டிருப்பதையும் படித்து மகிழ்ந்தேன். முறையைச் சொல்கிறேன், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தடவுவது பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடிய காரியம். ஆனால், எத்தகைய பூ வேண்டும், அது யாருக்கு வேண்டும், எந்தக் கூரையின் கீழ் வளர வேண்டும் என்பவற்றை முன்கூட்டித் தீர்மானித்துக்கொள்ளாதவர் எத்தனை பூக்களைக் கலந்தாலும் அவருக்குக் கிடைப்பது வேடிக்கையே தவிர ஒரு ஜாதி ஆகாது என்பது என் அபிப்பிராயம்; ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஜாலான் துன் சம்பந்தன் ஓரத்துப் பூக்கடைகளில் மாலை கட்டுகிற பெண்களை நீ சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்குப் போகிறவர்களுக்காக அவர்கள் கட்டும் மாலையில் செவ்வந்திக்குத் தண்டே தேவையில்லை. தலை மட்டும் போதும். அந்தத் தலை கெட்டியாக இருக்க வேண்டும், நாரில் இறுக்கும்போது இதழ் உதிரக் கூடாது, நகரத்து வெயிலிலும் ஈரத்திலும் ஒரு பகலாவது ஓரம் கருகாமல் நிற்க வேண்டும். தமிழ்நாட்டு வியாபாரிகள் இதனை உதிரிப்பூ என்று கிலோக் கணக்கில் விற்பார்கள். உன் தோட்டத்திலிருந்து ஜப்பானுக்குப் போவதோ வேறு பண்டம். அங்கே வீட்டு மாடங்களிலும் கல்லறைகளிலும் மூதாதையருக்குச் செவ்வந்தி வைப்பது வழக்கமாதலால், ஓபோன் பண்டிகைக்கும், மார்ச் செப்டம்பர் மாதங்களில் வரும் ஹிகான் நாட்களுக்கும் தேவை பெருகும். அங்கே இறக்குமதியாகும் செவ்வந்தியில் மிகப் பெரும்பங்கு மலேசியாவிலிருந்து செல்வதே. அந்தக் கொய்மலருக்கு நேரான நீண்ட தண்டும், மஞ்சளாகாத இலையும், குளிர்பெட்டியில் பல நாள் கிடந்த பின்பும் குடுவையில் இரண்டு வாரமாவது வாடாத உறுதியும் வேண்டும். ஒரே செடியில் இவ்விரு தேவைகளையும் தேடுவது வீண் பிரயாசை. நீ யாருக்காக உழைக்கிறாய் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்.

இனிக் கூரையைப் பற்றிச் சொல்கிறேன். ஹாலந்து தேசத்துக் கண்ணாடி வீடுகள் குளிரிலிருந்து செடியைக் காப்பதற்காக எழுந்தவை. அங்குள்ள விருத்தியாளர்கள், எரிபொருள் செலவைக் குறைக்க வேண்டி, குறைந்த வெப்பத்திலும் தாமதமின்றிப் பூக்கும் செடிகளைத் தேடுகிறார்கள். கேமரன் மலையில் நீ பார்க்கும் பிளாஸ்டிக் கூரைகளோ பக்கங்கள் திறந்தவை; அவற்றின் முதல் வேலை மழையைத் தடுப்பது. மழை பூவின் மேல் விழுந்தால் இதழ் புள்ளி விழுந்து அழுகும். இலை நனைந்தே கிடந்தால் வெண்துரு நோய் பற்றும். 1895-இல் ஜப்பானில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட அந்தப் பூஞ்சை நோயின் அடையாளம் ஓர் இலையில் தென்பட்டாலும் வாங்கும் நாடு சரக்கைத் திருப்பிவிடக்கூடும். எனவே ஹாலந்தில் பரிசு பெற்ற ஜாதி நம் கூரையின் கீழும் அப்படியே சிறக்கும் என்று எண்ணாதே. நம் காற்றின் ஈரமும் நம் வெப்பமும் அதன் வம்சத்துக்குப் பழக்கமில்லாதவை.

ஒளியின் விஷயம் இதைவிடச் சுவையானது. செவ்வந்தி குறுநாள் தாவரம். இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். பகலின் நீளத்துக்குக் கட்டுப்பட்டே சில தாவரங்கள் பூக்கின்றன என்பதை அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் 1920-இல் வெளியிட்ட பிறகே, செவ்வந்தியை ஆண்டு முழுவதும் வேண்டியபோது பூக்கச் செய்யும் தொழில் பிறந்தது. ஐரோப்பியக் கோடையில் பகல் மிக நீண்டுவிடுவதால், அங்கே மாலையில் கறுப்புத் துணியை இழுத்து மூடிச் செயற்கையாக இரவை உண்டாக்க வேண்டியிருக்கிறது. நமக்கோ பூமத்திய ரேகை அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமே. கோலாலம்பூரில் அதன் ஏற்ற இறக்கம் அரை மணிக்கும் குறைவு. விட்டால் செடி சாண் உயரத்திலேயே மொட்டுக் கட்டிவிடும். அதனால்தான் நள்ளிரவை ஒட்டிச் சில மணி நேரம் விளக்கெரித்து, இரவை இரண்டாக முறித்து, தண்டு வேண்டிய உயரம் வளரும் வரை அதனை ஏமாற்றி வைக்கிறீர்கள். மலைப்பாதையில் இரவுப் பயணம் செய்கிறவர்கள் சரிவெங்கும் ஒளிரும் குடில்களைக் கண்டு அதிசயிப்பதன் காரணம் இதுவே. விளக்கை நிறுத்திய நாளிலிருந்து பூப்பறிக்கும் நாள் வரை எத்தனை வாரம் என்பதைக் கொண்டு ஜாதிகளை வகுக்கிறார்கள். வாணிபத்தில் பெரும்பாலானவை 7 முதல் 10 வாரத்துக்குள் அடங்கும். நீ உண்டாக்கும் செடி ஒரு வாரம் முந்திப் பூத்தால், ஓர் ஆண்டில் அதே பாத்தியில் எத்தனை நாள் மிச்சமாகும் என்று கணக்கிட்டுப் பார். வர்ணத்தைவிட இந்தக் கணக்கே முதலாளியின் மனத்தைத் தொடும்.

வெப்பம் மற்றொரு நிபந்தனை. மலையில் இரவு சுமார் 15 அல்லது 16 டிகிரிக்கு இறங்குவதால் நிறம் ஆழமாகப் படிகிறது. அதே செடியை கிள்ளானிலோ ரவாங்கிலோ கூரை போட்டு வளர்த்தால், இரவு வெப்பம் மிகுதியாக இருப்பதால் மொட்டு உருவாவது தாமதப்படும். சிவப்பும் ஊதாவும் வெளிறிப் போகும், ஏனெனில் அந்நிறங்களைத் தரும் ஆந்தோசயனின் வெப்பத்தில் குறைவாகவே உண்டாகிறது. மஞ்சளைத் தரும் கரோட்டினாய்டுக்கு அந்தக் குறை அவ்வளவாக இல்லை. மலையில் இனி நிலம் விரிய இடமில்லை, சரிவுகளை வெட்டியதன் பலனை மண்சரிவுகளில் கண்டுவிட்டோம். ஆகவே சமவெளிக் குடிலில் வெப்பம் தாங்கிப் பூக்கும் ஒரு மஞ்சள் உதிரிப்பூச் செவ்வந்தியை உன் லட்சியமாகக் கொள்ளலாம் என்பது என் யோசனை. பெரிய நிறுவனங்களின் கண் ஏற்றுமதிக் கொய்மலரின் மேலேயே இருப்பதால், இந்தத் துறையில் உனக்குப் போட்டியும் குறைவு.

இப்போது கலப்பு முறைக்கு வருகிறேன். செவ்வந்தியில் நாம் ஒரு பூ என்று சொல்வது பல சிறுமலர்கள் கூடிய சிரமஞ்சரி. ஓரத்தில் நீண்ட இதழோடு நிற்கும் கதிர்ச் சிறுமலர்கள் பெண்மலர்கள். நடுவட்டில் நெருங்கியுள்ளவை இருபாலும் உடையவை, மகரந்தம் தருபவை. தாயாகத் தேர்ந்த பூ விரியும்போது, கூரிய சிறு கத்தரியால் ஓர இதழ்களைக் கட்டையாக வெட்டிவிட்டால் உள்ளே ஒளிந்திருக்கும் சூலகமுடி வெளிப்படும். நடுவட்டுச் சிறுமலர்களை, அவை விரியும் முன்னே சாமணத்தால் அகற்றிவிடு. செவ்வந்தி பொதுவாகத் தன் மகரந்தத்தையே ஏற்காத சுபாவம் உடையதானாலும், முன்ஜாக்கிரதை நல்லது. பூவுக்குக் காகித உறை மாட்டு. சூலகமுடி இரண்டாகப் பிளந்து விரிந்ததும் தந்தைப் பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி மறுபடியும் மூடு. சிறுமலர்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி வரிசையாக முதிர்வதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். முழுவதும் இதழாகிவிட்ட அடுக்குப் பூக்களில் நடுவட்டே காணாது. உரம் குறைத்துச் சிறு தொட்டியில் வளர்த்தால் சில வகைகள் கொஞ்சம் நடுவட்டைக் காட்டும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் விதை முதிரும். உறையின் மேல் தாய், தந்தை, தேதி மூன்றையும் பென்சிலால் எழுது. மை மழைக்காலத்து ஈரத்தில் கலைந்துவிடும்.

விதையை ஊன்றினால், பெற்றோர் இருவரும் ஒரே நிறமாயிருந்தும் பிள்ளைகளில் வேறு நிறங்களும் கலந்து வருவதைக் கண்டு நீ திகைக்கலாம். பெரும்பாலான செவ்வந்திகளில் 54 குரோமோசோம்கள், அதாவது ஒன்பதின் ஆறு மடங்கு, இருக்கின்றன. சில ஜாதிகளில் அந்த எண்ணிக்கையும் கூடியோ குறைந்தோ காணப்படும். இத்தனை பிரதிகள் கலைந்து சேர்வதால் எந்த இரு நாற்றும் ஒன்றுபோல் இராது. ஒரு வகையில் இது பெரும் பாக்கியம். ஏனென்றால் நெல்லைப் போலப் பல தலைமுறை விதைத்து நிலைப்படுத்த வேண்டிய அவசியம் இங்கே இல்லை. ஆயிரம் நாற்றுகளில் ஒன்றே ஒன்று நீ எழுதி ஒட்டிய தாளுக்கு இசைந்து நின்றால், அதன் தளிர்முனையை வெட்டி வேரூன்றச் செய்து லட்சம் செடியாக்கலாம், அத்தனையும் அச்செடியே.

ஆனால் அந்த ஒன்றைக் கண்டெடுப்பதற்கு மற்றவற்றைத் தூக்கியெறிய வேண்டும். இளம் விருத்தியாளர்கள் தோற்பது இங்கேதான். முதல் பூவில் அழகாய்த் தோன்றிய நாற்றின் மேல் பாசம் வைத்துவிட்டு, அதன் தண்டு வளைவதையும், வெட்டிய தளிர் வேரூன்ற மறுப்பதையும், தாய்ச்செடி விளக்கின் கீழேயே மொட்டு வைத்துவிடுவதையும் மன்னித்துக்கொண்டே போவார்கள். தளிர் சரியாக வேர் விடாத செவ்வந்தி எவ்வளவு அழகாயிருந்தாலும் வியாபாரத்துக்கு உதவாது. முதல் பூவிலேயே நூற்றில் தொண்ணூற்றுக்கு மேல் கழித்துவிடு. மிஞ்சியவற்றைத் தளிர் மூலம் பெருக்கி, மழைப் பருவத்தில் ஒரு முறையும் வறண்ட பருவத்தில் ஒரு முறையும் நட்டு, பூக்கும் வாரம், தண்டின் உயரம், இலைப்பேனும் சிலந்திப்பூச்சியும் தாக்கும் அளவு, பறித்த பின் நிற்கும் நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுது. பக்கத்திலேயே தோட்டத்தில் இப்போதுள்ள நல்ல ஜாதியையும் நட்டு வை. அதைவிடச் சிறந்ததா என்பதே கேள்வி. குள்ளநோய் தரும் வைராய்டு கத்தியிலும் விரலிலும் ஒட்டிப் பரவுவதால், ஒவ்வொரு செடிக்கும் பிறகு கருவியைச் சுத்தப்படுத்து.

கலப்பின்றியும் ஒரு வழி உண்டு. செவ்வந்தியில் ஒரு கிளை மட்டும் திடீரென்று வேறு நிறத்தில் பூப்பதைத் தோட்டக்காரர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அம்மாற்றத்தைக் காமாக் கதிர்களால் தூண்டலாம்; வேரூன்றிய தளிர்களுக்கு 15 முதல் 25 கிரே வரை கொடுப்பது வழக்கம். லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இவ்வழியில் பல புதிய நிறங்களை வெளியிட்டிருக்கிறார்கள். நம் பக்கத்திலேயே, கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் போய்ச் சேரக்கூடிய பாங்கியில், மலேசிய அணுசக்தி முகமை காமாப் பசுமைக்குடில் ஒன்றை அமைத்து, வளரும் செடிகளின் மேல் மெல்லிய கதிரை நீண்ட காலம் படியச் செய்து பரிசோதனை நடத்துகிறது. செவ்வந்தியும் அவர்கள் ஆராய்ச்சி செய்த பயிர்களில் ஒன்று. கதிரால் மாறுவது பெரும்பாலும் தண்டின் ஓர் அடுக்கோ ஒரு பகுதியோ மட்டுமாதலால், மாறிய கிளையைப் பிரித்தெடுத்துத் திரும்பத் திரும்பத் தளிர் வெட்டியோ இழைய வளர்ப்பினாலோ தனிப்படுத்த வேண்டும். ஒரு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன்: கதிர் ஒன்றைக் கெடுக்க வல்லதே தவிர இல்லாததைப் புதிதாகப் படைப்பது அரிது. அப்படியிருந்தும் வெள்ளைச் செவ்வந்தியிலிருந்து மஞ்சள் பிறப்பதுண்டு. வெள்ளைப் பூவின் இதழில் மஞ்சள் நிறமியைச் சிதைக்கும் நொதி ஒன்று வேலை செய்கிறது என்று ஜப்பானியர் 2006-இல் கண்டறிந்தார்கள். அந்த நொதி கெட்டால் மஞ்சள் தங்கிவிடுகிறது.

நீல நிறத்துக்கு மட்டும் ஆசைப்படாதே. செவ்வந்தியின் வம்சத்தில் அது கிடையாது. 2017-இல் ஜப்பானிய அறிஞர்கள் மணிப்பூச் செடி ஒன்றின் மரபணுவோடு, நம் வீட்டு வேலியில் படர்ந்து நாசி கெராபு சோற்றுக்குச் சாயம் தரும் சங்குப்பூவின் மரபணுவையும் புகுத்தியே அதைச் சாதித்தார்கள். அது ஆய்வுக்கூடத்து வேலை. உன் கத்தரிக்கும் தூரிகைக்கும் எட்டாதது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செவ்வந்தி ஜாதிகளில் கோ 1 மஞ்சள் பூ, கோ 2 ஊதாப் பூ. எளிய நிறங்களேயாயினும் தமிழ்நாட்டு உழவர்களின் வயல்களில் அவை பெற்ற இடத்தை நீ கவனிக்க வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள். மலேசியாவின் 2004-ஆம் ஆண்டுப் புதிய தாவர வகைகள் பாதுகாப்புச் சட்டப்படி, புதியதாயும் வேறுபட்டதாயும் ஒருபடித்தானதாயும் நிலையானதாயும் உள்ள ஜாதிக்கு 20 ஆண்டு உரிமை கிடைக்கும். விவசாயி ஒருவர் உண்டாக்கியது, புதியதாயும் வேறுபட்டதாயும் அடையாளம் காணத்தக்கதாயும் இருந்தாலே 15 ஆண்டு உரிமை பெறலாம். பிறருடைய பாதுகாக்கப்பட்ட ஜாதியைக் கலப்புக்குப் பெற்றோராகப் பயன்படுத்துவதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆயினும் உன் முதலாளி தளிர் வாங்கும்போது விற்பவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், கிளையில் தோன்றும் நிறமாற்றம் யாருக்குச் சொந்தம் என்று எழுதியிருக்கக்கூடும். தூரிகையை எடுக்கும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படி. உன் நாற்றுகளுக்குக் குடிலில் எந்த மூலை, பூத்தால் அது யார் பெயரில் என்பதையும் அவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள். அதன் பிறகு கலப்பைத் தொடங்கு. விதை முளைத்ததும் எத்தனை முளைத்தன என்று மட்டும் எனக்கு எழுது. அவற்றில் எது நல்லது என்பதை அப்போது எவராலும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
உன் மாமா