துபாய்க்குப் பேச என்ன வழி?

கேள்வி: என் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டால் குரலே வருவதில்லை. சாதாரண போனில் பேசினால் காசு கரைகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, சித்தூர்

பதில்: போனில் கோளாறு இல்லை, அம்மா. துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்ஆப் செய்தி போகும், படம் போகும். அழைப்பை மட்டும் அங்கே தடுத்திருக்கிறார்கள். குவைத்தில் அந்தத் தடை இல்லாததால்தான் அங்கிருப்பவர்கள் தாராளமாகப் பேசுகிறார்கள். விபிஎன் போட்டுப் பேசலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மகனுக்கு அபராதம் வரை கொண்டுபோய்விடும்.

அமீரகம் அனுமதித்த செயலிகள் உண்டு. போடிம் அதில் ஒன்று. இருவர் போனிலும் அது இருக்கவேண்டும். குரல் விட்டுவிட்டு வந்தால் வீடியோவை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

அவசரத்துக்கு நேரடி அழைப்புதான் நம்பகமானது. அதற்கு ஐ.எஸ்.டி. பேக் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். அமீரகம் அதில் அடங்குமா என்று ரீசார்ஜ் கடையில் முதலில் கேளுங்கள். திருப்பதியில் டெலிபோன் பூத்துக்குள் நின்று, கட்டணம் காட்டும் சிவப்பு எண்கள் ஓட ஓடப் பாதிப் பேச்சை விழுங்கிய காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தப் பதற்றம் இனி வேண்டாம்.

+971 என்று தொடங்குவது அமீரகத்தின் எண். தெரியாத வேறு நாட்டு எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால் திருப்பிக் கூப்பிடாதீர்கள், காசு போகும்.

இன்னொன்று: வாட்ஸ்ஆப் குரல் பதிவுக்கு அங்கே தடையில்லை. நமக்கு இரவு 9.30 என்றால் உங்கள் மகனுக்கு அங்கே 8. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் உங்கள் குரலைக் கேட்டுக்கொள்வார்.