'போல' என்பதை ஆங்கிலத்தில் எழுதுதல்

ஒன்றை இன்னொன்றுக்கு ஒப்பிடத் தமிழில் பெரும்பாலும் 'போல' என்ற ஒரு சொல்லே போதும். ஆங்கிலத்தில் அப்படியன்று. க.பொ.த. சாதாரண தர மாணவர்கள் எல்லா இடத்திலும் 'லைக்' என்று எழுதிப் புள்ளிகளை இழப்பது இதனாலேயே.

பின்வருவனவற்றை அவதானிக்குக.

ஷீ லைக்ஸ் ஹேர் மதர். – அவள் தன் தாயை விரும்புகிறாள்.
ஷீ இஸ் லைக் ஹேர் மதர். – அவள் தன் தாயைப் போன்றவள்.

முதலாவதில் 'லைக்' வினைச்சொல். இரண்டாவதில் அது ஒப்புமையைக் காட்டும் முன்னிடைச்சொல். வினை 'இஸ்' ஆகும். "அவள் தாயைப் போல" என்று தமிழில் வினையின்றியே முடிக்கலாம். அந்தப் பழக்கத்தில் 'இஸ்' என்பதை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும். தோற்றத்தை மட்டும் கூறுவதாயின் 'லுக்ஸ் லைக்' என எழுதுக.

எ பிரெட்ஃப்ரூட் லுக்ஸ் லைக் எ ஸ்மோல் ஜக்ஃப்ரூட். – ஈரப்பலாக்காய் சிறிய பலாக்காய் போலத் தோன்றும்.

எந்தப் பண்பில் ஒத்திருக்கிறது என்று சொல்ல 'அஸ் … அஸ்' வேண்டும்.

ரவி இஸ் அஸ் டோல் அஸ் ஹிஸ் ஃபாதர். – ரவி தந்தையளவு உயரமானவன்.

இடையில் வருவது 'டோல்'; 'டோலர்' அன்று. இதையே 'நொட் அஸ் டோல் அஸ்' என்று மாற்றினால், உயரம் வேறு என்பது மட்டுமன்று, ரவி தந்தையிலும் உயரம் குறைந்தவன் என்பதே பொருள். மொழிபெயர்ப்பு வினாக்களில் இதைக் கவனிக்க.

'சிமிலர்' என்பதன் பின் 'டு' வரும், 'வித்' வராது. 'சேம்' என்பதன் முன் 'த', பின் 'அஸ்'.

'அஸ்', 'லைக்' மயக்கத்துக்குத் தமிழே துணை. 'ஆக' என்று வருமிடத்தில் 'அஸ்'. 'போல' என்று வருமிடத்தில் 'லைக்'.

ஹீ வேர்க்ஸ் அஸ் எ டீச்சர். – ஆசிரியராக வேலை செய்கிறார்.
ஹீ டோக்ஸ் லைக் எ டீச்சர். – ஆசிரியரைப் போலப் பேசுகிறார். உண்மையில் ஆசிரியர் அல்லர்.

சுறுசுறுப்புக்கு நாம் எறும்பைச் சொல்வோம். ஆங்கிலேயர் தேனீயைச் சொல்வர்: அஸ் பிஸி அஸ் எ பீ. இத்தகைய மரபுத்தொடர்களை அப்படியே மனனம் செய்வதே நன்று.

பயிற்சி: ஆங்கிலத்தில் எழுதுக.
1. இந்தப் பெட்டி அந்தப் பெட்டியளவு பாரமானதன்று.
2. என் பேனா உன்னுடையதை ஒத்தது.
3. அவன் தன் தம்பியைப் போன்றவன்.

விடைகள்:
1. திஸ் பொக்ஸ் இஸ் நொட் அஸ் ஹெவி அஸ் தட் வன்.
2. மை பென் இஸ் சிமிலர் டு யோர்ஸ்.
3. ஹீ இஸ் லைக் ஹிஸ் யங்கர் பிரதர்.