தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்க இயலுமா?

பெரிய வாகன நிறுவனமொன்று, தொழில்நுட்பத் திறன் மிக்க சிறு நிறுவனத்தை விலைக்கு வாங்குவது உலகெங்கும் காணப்படும் நடைமுறையாகும். அவ்வாறு வாங்கப்படுவது எது? கட்டடமா, கருவிகளா, வரைபடங்களா? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்பீல்டின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது.

உரிமமும் ஆலோசனையும்

இங்கிலாந்தின் என்பீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் 1955-இல் கூட்டாக என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் இறக்குமதிப் பாகங்களைக் கொண்டு புல்லட் வண்டிகள் பூட்டப்பட்டன. பின்னர்ப் பாகங்களும் திருவொற்றியூரிலேயே உருவாயின. உற்பத்தித் திறன் வந்தது. வடிவமைக்கும் திறன் உடன் வரவில்லை. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்து நிறுவனம் மறைந்த பிறகும், புல்லட் எஞ்சினின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதும் மாறாமலே இருந்தது.

அடுத்த வழி, ஆலோசனை பெறுவது. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் துணையுடன், எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும் எஞ்சின் உருவாக்கப்பட்டது. ஆயினும் ஆலோசகரின் பணி முடிந்ததும் அவரது அனுபவம் அவருடனேயே சென்றுவிடுகிறது.

திறனை ஈர்த்தல்

2015-இல் ராயல் என்பீல்டு மூன்றாவது வழியை மேற்கொண்டது. 1972-இல் தோன்றிய ஹாரிஸ் பெர்பார்மன்ஸ் என்னும் சிறிய ஆங்கில நிறுவனத்தை அது வாங்கியது. பந்தய மோட்டார் சைக்கிள்களின் சட்டகங்களை வடிவமைப்பதில் புகழ்பெற்றது அந்நிறுவனம். 2013-இல் வெளிவந்த கான்டினென்டல் ஜிடி வண்டியின் சட்டகத்தை உருவாக்கியபோதே இரு தரப்பும் ஒன்றையொன்று நன்கு அறிந்திருந்தன. எனவே, வாங்கியபின் அதன் வல்லுநர்களும் ராயல் என்பீல்டிலேயே பணி தொடர்ந்தனர். 2017-இல் இங்கிலாந்தின் புரன்டிங்தார்ப்பில் தொழில்நுட்ப மையம் திறக்கப்பட்டது. அங்குள்ளோரும் சென்னைப் பொறியாளர்களும் இணைந்து உழைத்தனர்.

2018-இல் விற்பனைக்கு வந்த 648 சி.சி. இரட்டை சிலிண்டர் வண்டிகள் இக்கூட்டுழைப்பின் கனியாகும். 270 பாகை அமைப்புடைய கிராங்க் தண்டும் அதிர்வைக் குறைக்கும் சமன் தண்டும் அந்த எஞ்சினில் உள்ளன. எஞ்சின் எவ்வளவு சிறந்ததாயினும், அதன் விசையைத் தாங்கும் சட்டகம் பொருந்தாவிடில் பயணம் சீராக அமையாது. அச்சட்டகத்தை ஹாரிஸ் குழுவினர் வடிவமைத்தனர்.

பயனைக் கணிப்பவர்

இத்தகைய முயற்சியின் பயனை இறுதியில் கணிப்பவர் வண்டியை ஓட்டுபவரே. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,360 கி.மீ. தொலைவில் அந்தமான் தலைநகர் உள்ளது. போர்ட் பிளேர் என வழங்கி வந்த அந்நகர், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்கு லம்பா லைனில் வாழ்பவருக்கு வண்டியும் உதிரிப் பாகமும் கடல் கடந்தே வரவேண்டும். பழுதுபடாத வடிவமைப்பு அவருக்கு ஆடம்பரமன்று, அன்றாடத் தேவையாகும்.

ஆகவே, நிறுவனத்தை வாங்குவது தொடக்கமே. அதன் வல்லுநரைத் தக்கவைத்து, அவருடன் நம் இளம் பொறியாளரை அமர்த்திப் பயிற்றுவித்தால்தான் கொடுத்த விலைக்குப் பயன் கிட்டும். பணம் உரிமையைத் தரும். அறிவு மனிதரிடமிருந்து மனிதருக்கே செல்லும்.