ஆட்டமிழக்கும் வகைகள்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் காடுகளில், பருத்தியும் கம்பும் வீடு சேர்ந்தபின், வெறுநிலத்தில் மூன்று குச்சிகளை நட்டுச் சிறுவர் கிரிக்கெட் ஆடுவர். அங்கு ஆட்டத்தினும் வழக்கே பெரிதாக இருக்கும். ‘அவுட்’ என்பர் ஒரு சாரார். ‘இல்லை’ என்பர் மறு சாரார். ஈற்றில் உரத்த குரலே வெல்லும். குரலின் வலிமையால் வழக்குத் தீருமாயின் எளியவனுக்கு நீதி ஏது? ஆதலின் விதி வேண்டப்படுகின்றது.

இங்கிலாந்தில் 1787-ஆம் ஆண்டில் தோன்றிய மேரிலிபோன் கிரிக்கெட் கழகம் மறு ஆண்டே விதித் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. இன்றும் விதிகளை வகுப்பது அக்கழகமே. நம் இலக்கணம் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி எனப் பகுத்தாற்போல, அவ்விதிகளும் மட்டையாளர் ஆட்டமிழக்கும் முறைகளை 32 முதல் 40 வரை ஒன்பது விதிகளாகப் பகுத்துள்ளன.

அவற்றுள் ஐந்து, பந்து வீச்சாளரின் கணக்கிற் சேர்வன. வீசிய பந்து குச்சிகளின் மேலுள்ள சிறுகட்டையை வீழ்த்துதல் ‘பௌல்டு’. அடித்த பந்து நிலம் தொடுமுன் பிடிபடுதல் ‘கேட்ச்’. குச்சிகளை நோக்கிய பந்தை உடலால் மறித்தல் ‘எல்.பி.டபிள்யூ.’, ஓட்டம் கருதாமலே எல்லைக் கோட்டைவிட்டு நீங்கியவரை விக்கெட் காப்பாளர் வீழ்த்துதல் ‘ஸ்டம்பிங்’, தம் மட்டையாலோ உடலாலோ தம் குச்சிகளையே வீழ்த்திக்கொள்ளுதல் ‘ஹிட் விக்கெட்’.

ஏனைய நான்கும் அவர் கணக்கிற் சேரா. அவை ‘ரன் அவுட்’, பந்தை வேண்டுமென்றே இருமுறை அடித்தல், களத்தடுப்பாளரை இடையூறு செய்தல், உரிய நேரத்தில் ஆடவாராமை என்பன. 2023 நவம்பர் 6-இல் தில்லியில் நடைபெற்ற உலகக் கோப்பை ஆட்டத்தில், தலைக்கவசப் பட்டை அறுந்தமையால் காலந்தாழ்த்த இலங்கை வீரர் ஏஞ்சலோ மாத்யூஸ், பன்னாட்டு ஆட்டங்களில் இவ்விறுதி வகையால் ஆட்டமிழந்த முதல் வீரர் ஆனார்.

ஒரு செயலை எவ்வகையில் வைக்கின்றோம் என்பது சிறு செய்தியன்று. பந்து வீசப்படுமுன்னரே எதிர்முனை மட்டையாளர் கோட்டைவிட்டு முன்னேறின், பந்து வீச்சாளர் அம்முனைக் குச்சிகளை வீழ்த்தி அவரை வெளியேற்றலாம். 1947 டிசம்பரில் சிட்னி நகரில் இந்திய வீரர் வினு மங்கட், ஆஸ்திரேலியரான பில் பிரௌனை இவ்வாறு வெளியேற்றினார். எதிரணித் தலைவர் பிராட்மன் மங்கட்டின் செயலில் பிழையில்லை என்றே எழுதினார். எனினும் மங்கட்டின் பெயரே அச்செயலுக்கு இழிபெயராய் ஒட்டிக்கொண்டது. கோட்டைக் கடந்தவர் பெயரை எவரும் பழிக்கவில்லை!

2019 மார்ச்சு 25-இல் செய்ப்பூரில், சென்னையைச் சேர்ந்த அசுவின், ஜோஸ் பட்லரை அவ்வாறே வெளியேற்றியபோதும் பழிச்சொல் எழுந்தது. அக்காலத்தில் இச்செயல் ‘முறையற்ற ஆட்டம்’ என்னும் 41-ஆம் விதியின்கீழ் வைக்கப்பட்டிருந்தது. குறை மட்டையாளருடையது, தலைப்பின் நிழலோ பந்து வீச்சாளர்மீது விழுந்தது. 2022 அக்டோபர் 1 முதல் அது 38-ஆம் விதியாகிய ‘ரன் அவுட்’ வகையில் சேர்க்கப்பட்டது. செயல் மாறவில்லை; அது நின்ற இடமே மாறிற்று.

மற்றொன்றும் அறிக. களத்திலுள்ளோர் முறையிட்டாலன்றி நடுவர் எவரையும் ஆட்டமிழந்தவராக அறிவியார். நடுவர் இசைந்தால், மட்டையாளர் களம் நீங்குமுன் அம்முறையீட்டை மீட்டுக்கொள்ளவும் அணித் தலைவருக்கு உரிமை உண்டு. விதி எல்லையை வகுக்கும். அதனுள் பெருந்தன்மை காட்டுவது ஆடுவோர் கையில் உள்ளது. ஆயின் பெருந்தன்மை காட்டாதவனைக் குற்றவாளி என்பது நேர்மையன்று.

மாணவர்களே, பிறர் செயலுக்குப் பெயரிடுமுன் அதன் வகையை அறியுங்கள். பழிக்குமுன் விதியை அறியுங்கள். வகையறியாது கூறும் பழி, குற்றமற்றவன் பெயரைத் தலைமுறைகள் கடந்தும் கறைப்படுத்தும்.

வினாக்கள்

1. பந்து வீச்சாளரின் கணக்கிற் சேரும் ஐந்து வகைகள் யாவை?
2. ‘செயல் மாறவில்லை, அது நின்ற இடமே மாறிற்று’ – விளக்குக.
3. விதியும் பெருந்தன்மையும் எவ்வாறு வேறுபடுகின்றன?