தட்டைப் பாதமும் பட்டாளத் தேர்வும்

எங்கள் மையத்துக்கு ஒரு அக்கா வருவார். பீடி சுற்றுகிறவர். அவர் மகன் பத்தாவது படித்தவன். பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டான். ஒரு வருடமாக விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகினான்.

எழுத்துத் தேர்வில் தேறினான். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் தேறினான். 9 அடிப் பள்ளத்தைத் தாண்டினான். கடைசியில் மருத்துவப் பரிசோதனை. அங்கே காலைப் பார்த்தார்கள். "தட்டைப் பாதம், தகுதி இல்லை" என்று எழுதிவிட்டார்கள்.

பையன் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான். சாப்பிடவில்லை. ஒரு தரகர் வந்தார். "பணம் கொடுங்கள், நான் சரி செய்கிறேன்" என்றார். அக்கா காதுத் தோட்டை அடகு வைக்கக் கிளம்பினார். அதற்கு முன் வகுப்பில் என்னிடம் கேட்டார்.

"தம்பி, கால் தட்டையாக இருந்தால் பட்டாளத்தில் எடுக்கவே மாட்டார்களா?"

எனக்கும் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கேட்டேன். ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவரையும் கேட்டேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் காலைப் பாருங்கள். பாதத்தைத் தண்ணீரில் நனையுங்கள். சிமெண்டுத் தரையில் மிதித்து எடுங்கள். பெருவிரல் பக்கம், நடுவில், ஈரம் படாத இடம் இருக்கிறதா? அதுதான் பாதக்குழி. பாதம் முழுதும் அப்படியே பதிந்தால் அது தட்டைப் பாதம்.

லாரிச் சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் பட்டை வளைந்து இருக்கும். குண்டு குழியில் போகும்போது அதிர்ச்சியை அது தாங்கும். பாதக்குழியும் அப்படித்தான். சிப்பாய் சுமையோடு வெகுதூரம் நடப்பார், மலை ஏறுவார். அதனால்தான் பாதத்தைப் பார்க்கிறார்கள்.

சின்னக் குழந்தைகளுக்குப் பாதம் தட்டையாகத்தான் இருக்கும். வளர வளரக் குழி விழும். சிலருக்கு விழாது. கர்நாடகத்தில் மணிப்பால் மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2,300 குழந்தைகளின் பாதங்களைப் பார்த்தார்கள். 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். செருப்பு, ஷூ போட்டுப் பழகிய குழந்தைகளில் நூற்றுக்கு 8 அல்லது 9 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் நடந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளின் செருப்பைப் பிடுங்கிவிடாதீர்கள்! முள்ளும் கொக்கிப்புழுவும் நம் தெருவில்தான் இருக்கின்றன.

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். தட்டைப் பாதத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று வளையும் பாதம். நிற்கும்போது தட்டையாக இருக்கும். குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில் நின்றால் குழி தெரியும். இன்னொன்று விறைத்த பாதம். விரல் நுனியில் நின்றாலும் குழி வராது.

நம் நாட்டு முப்படைகளின் மருத்துவ விதி இதைப் பிரித்துச் சொல்கிறது. விரல் நுனியில் நிற்கும்போது குழி வர வேண்டும். விரல் நுனியில் குதிக்கவும் ஓடவும் முடிய வேண்டும். பாதம் தாராளமாக அசைய வேண்டும். வலி இருக்கக் கூடாது. இத்தனையும் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பாதம் விறைத்திருந்தால் எடுக்க மாட்டார்கள். அதன் வடிவம் எப்படி இருந்தாலும் சரி.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு வருடம் ஓடிய பிறகு தெரிவதைவிட, ஓடத் தொடங்கும் முன்பே தெரிவது நல்லது. சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

2022 முதல் ராணுவத்தில் சிப்பாய்களை அக்னிவீர் என்ற பெயரில் 4 ஆண்டுகளுக்கு எடுக்கிறார்கள். அதிலும் மருத்துவப் பரிசோதனை உண்டு. பரிசோதனையில் தள்ளிவிட்டால் மறுபரிசோதனை கேட்கலாம். அதற்கு ஒரு தாள் தருவார்கள். ராணுவ மருத்துவமனையில் அந்தத் துறை டாக்டர் மறுபடி பார்ப்பார். ஆனால் கெடு சில நாட்கள்தான். இதற்குத் தரகர் தேவையே இல்லை.  பையன் தானாகத் தேறினால் தரகர் "நான்தான் செய்தேன்" என்பார். தேறாவிட்டால் ஆளைக் காணோம்.

"தாள் ஏதாவது கொடுத்தார்களா?" என்று அக்காவிடம் கேட்டேன். தெரியாது என்றார். வீட்டுக்குப் போய் மகனின் சட்டைப் பையைப் பார்த்தார். நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஆனால் எண் எல்லோருக்கும் ஒன்றுதானே! அக்கா தேதியைப் படித்துவிட்டார். இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அன்று இரவே தாயும் மகனும் பஸ் ஏறினார்கள். அங்கே டாக்டர் பையனை விரல் நுனியில் நிற்கச் சொன்னார். குதிக்கச் சொன்னார். பாதத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். தகுதி உண்டு என்று எழுதினார்.

தோடு அக்காவின் காதிலேயே இருக்கிறது. பையன் இப்போது பயிற்சியில் இருக்கிறான். அவனோடு ஓடிய பக்கத்துத் தெருப் பையனுக்கு விறைத்த பாதம். மறுபரிசோதனையிலும் அவனை எடுக்கவில்லை. அவன் டிரைவர் லைசென்ஸ் எடுத்துவிட்டான். காலையில் இன்னும் ஓடுகிறான்.